52 வயதில் எடைப் பயிற்சி: தனிப் பயிற்சியாளரை எதை வைத்து நம்புவது?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 52, எடை 74 கிலோ. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறிய அளவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது ஆண்டுகளாகத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் குனிந்து பற்றவைப்பதிலேயே பிழைப்பு ஓடிவிட்டது. சர்க்கரைக்கு ஆறு ஆண்டுகளாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். இரத்த அழுத்தத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை உண்டு. காலையில் மூக்கனேரிப் பக்கம் முக்கால் மணி நேரம் நடப்பேன். தை மாதம் பார்த்த மருத்துவர், நடை நல்லதுதான், ஆனால் தொடையில் தசை குறைந்துகொண்டே வருகிறது, வாரத்தில் இரண்டு நாளாவது எடைப் பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னார்.

அவர் சொன்னபடியே ஒரு ஜிம்மில் சேர்ந்து, தனிப் பயிற்சியாளருக்கும் மூன்று மாதப் பணத்தை ஒரே தவணையில் கட்டினேன். எந்த ஜிம் என்பது இங்கே வேண்டாம். பயிற்சியாளர் நல்ல பையன்தான். ஆனால் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டதோடு சரி, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்தாவது நாள், 20 கிலோ கம்பியில் பக்கத்துக்கு 15 கிலோ மாட்டி, டெட்லிஃப்ட், அதாவது கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிற்பதை, பத்து முறை செய்யச் சொன்னார். ஆறாவது முறை தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, “இன்னும் நாலுதான் சார், விட்டுடாதீங்க” என்றார். விடவில்லை. அன்றிரவு புரண்டு படுக்க முடியவில்லை. அடுத்த மூன்று வாரம் பட்டறையில் நாற்காலி போட்டு மேற்பார்வை மட்டும் பார்த்தேன். வலி காலுக்கு இறங்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. ஆகவே படம் எடுக்கத் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது வலி முழுதும் போய்விட்டது.

வீட்டில் எல்லோரும் நடையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். மருத்துவரோ ஆளை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள் என்கிறார். எனக்கும் தொடங்கத்தான் விருப்பம். ஆனால் பயிற்சியாளர் சரியானவரா என்று, அடிபடுவதற்கு முன்பே, என்னைப் போல ஒன்றும் தெரியாத ஒருவர் எப்படிக் கண்டுகொள்வது? முதல் நாளில் நான் அவரிடம் என்னவெல்லாம் சொல்லியாக வேண்டும்? இனி ஆயுளுக்கும் கம்பியைத் தரையிலிருந்து தூக்கவே கூடாதா?

பதில் 1: அழகாபுரம் இயன்முறை மருத்துவர்

ஐயா, வணக்கம். உங்களை நேரில் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்று வாரத்தில் தானாக அடங்கிய, காலுக்கு இறங்காத இடுப்பு வலி பெரும்பாலும் தசையையும் தசைநாரையும் சார்ந்த பிடிப்பாகவே இருக்கும். ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்ற பேச்சு நம் ஊரில் தேவைக்கு மேல் புழங்குகிறது; வலியே இல்லாத நடுவயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் அவர்களில் பலருக்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு சற்றுப் புடைத்திருப்பது தெரியும். அதே சமயம், சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நடந்ததற்கு டெட்லிஃப்டை நான் குற்றம் சொல்லமாட்டேன். தரையில் கிடப்பதை இடுப்பிலிருந்து மடிந்து எடுத்து நிற்பதுதான் அந்தப் பயிற்சி. நீங்கள் எரிவாயு சிலிண்டரைத் தூக்கி வைக்கும்போது செய்வதும் அதுதான். வீட்டுச் சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. குனிவது என்றாலே முதுகை வளைப்பது என்று முப்பது ஆண்டு பழகிய உடலிடம், மடிவதற்குக் கற்றுக்கொடுக்காமல், பத்தாம் நாளே 50 கிலோவைக் கொடுத்தது முதல் தவறு. சுருக்கென்ற பிறகும் நான்கு முறை தூக்கவைத்தது அதைவிடப் பெரிய தவறு.

மடியத் தெரிகிறதா என்று பார்க்க எடையே வேண்டாம். ஒரு நீளமான கழியை முதுகோடு ஒட்டி நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். அது பின்மண்டை, மேல்முதுகு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு ஆகிய மூன்று இடங்களிலும் பட வேண்டும். முழங்காலை இலேசாகத் தளர்த்தி, பின்னாலிருக்கும் கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவதுபோல மெல்ல மடியுங்கள். மூன்றில் ஓர் இடத்திலாவது கழி விலகினால் முதுகு வளைகிறது என்று பொருள். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு முதல் நாளில் கழி விலகிவிடும். இரண்டு வாரம் பழகினால் ஒட்டிக்கொள்ளும். கம்பியைக் கையில் கொடுக்கும் முன் இதையோ இதைப் போன்ற ஒன்றையோ செய்து பார்க்காத பயிற்சியாளரிடம் என் உறவினர் யாரையும் நான் அனுப்பமாட்டேன்.

அடுத்தது மாத்திரைகள். பயிற்சியாளர் மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவது அரிது. கிளிமிபிரைடு அப்படியல்ல. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையும் அதோடு சேர்ந்துகொண்டால், வெறும் வயிற்றில் பயிற்சி செய்பவருக்குத் தலைசுற்றி, வியர்த்து, கை நடுங்கலாம். ஆகவே நடையை முடித்துவிட்டு ஒரு காப்பியோடு நேராக ஜிம்முக்குப் போகாதீர்கள். பயிற்சிக்கு முன் விரல் நுனியில் சோதித்து, 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, சர்க்கரை ஏறிய பிறகே தொடங்குங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். அது எந்தப் பையில் இருக்கிறது என்பது பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்கட்டும். தாழ்வு சில மணி நேரம் கழித்து, சமயத்தில் இரவிலும் வரக்கூடும் என்பதால், முதல் சில வாரங்களின் சோதனை அளவுகளை உங்கள் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மாத்திரை அளவைக் குறைப்பதானால் அவர்தான் குறைக்க வேண்டும்.

இரத்த அழுத்த மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டெனலால், மெட்டோபுரோலால் என்று ‘லால்’ என முடியும் வகையாக இருந்தால், இதயத் துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்த்து, ‘உங்களுக்கு இன்னும் மூச்சே வாங்கவில்லை, கூட்டலாம்’ என்று பயிற்சியாளர் முடிவு செய்தால் தவறாகிவிடும். இந்த வகை மாத்திரை, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வைதான் பெரும்பாலும் மிஞ்சும் அடையாளம். பயிற்சிக்கு முன் ஓய்வில் எடுத்த அழுத்தம் 180/110ஐத் தாண்டினால் அன்று எடை தூக்கக் கூடாது. அப்படி வருபவரை நான் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். கண்ணின் விழித்திரையைக் கடந்த ஓராண்டுக்குள் சோதிக்கவில்லை என்றால் தொடங்குவதற்கு முன் சோதித்துவிடுங்கள். சர்க்கரையால் அங்கே புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், மூச்சைப் பிடித்து முக்கும்போது கசிவு ஏற்பட வாய்ப்புண்டு.

அந்த முக்கல் பற்றி ஒரு சொல். எடை மேலே போகும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது உள்ளே இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் அந்தச் சில நொடிகளில் அழுத்தம் மிக உயரத்துக்குப் போய் இறங்கும். போட்டியாளர்கள் தெரிந்தே அப்படிச் செய்கிறார்கள். மாத்திரை சாப்பிடும் நமக்கு அது வேண்டாம். வாய்விட்டு எண்ணிக்கொண்டே தூக்குங்கள், மூச்சு தானாக வெளியேறும்.

முதல் நான்கு வாரம் எந்தப் பயிற்சியிலும், இன்னும் மூன்று முறை ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தசையில் பரவலாக வரும் வலி சில நாட்களில் மறையும். அதற்குப் பயப்பட வேண்டாம். தூக்கும்போதே ஓரிடத்தில் குத்துவது, மூட்டுக்குள் வலிப்பது, கைகால் வழியே மின்சாரம் போல ஓடுவது ஆகியவை வந்தால் அந்த நொடியே எடையைக் கீழே வையுங்கள். தசை வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுக்கவைக்கும் இடங்களிலிருந்து இப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் 2: ஏற்காட்டுத் தோட்டத்து வீடு

தம்பி, எனக்கு 63 வயது. பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில், காப்பித் தோட்டத்துப் பாசிக் கல்லில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அதன் பிறகு எலும்பு அடர்த்தி எடுத்துப் பார்த்ததில் குறைவு என்று வந்தது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடு எடைப் பயிற்சியும் வேண்டும் என்று சொன்ன எலும்பு மருத்துவர், நன்கு தெரிந்தவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியனுப்பினார்.

சேலத்திலிருந்து ஒரு பெண் பயிற்சியாளர் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வாரம் ஒரு நாள் வருகிறாள். இன்னொரு நாள் கைபேசியில் காணொளி வழியாகப் பார்த்துக்கொள்கிறாள். அவள் முதல் நாள் என்ன செய்தாள் என்பதைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம். எடை எதையும் கொண்டுவரவில்லை. ஒரு மணி நேரம் கேள்விகளாகக் கேட்டாள்: எங்கே விழுந்தீர்கள், எந்தக் கையை ஊன்றினீர்கள், இரவில் கழிப்பறைக்கு எத்தனை முறை எழுகிறீர்கள், எழும்போது தலை சுற்றுமா, தோட்டத்தில் மேட்டில் ஏறும்போது சிரமமா இறங்கும்போது சிரமமா என்றெல்லாம். பிறகு சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினாள். ஒன்பது. அதை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியோடு எழுதி என் கையிலேயே கொடுத்தாள். நோட்டு உங்களுடையது, நாளைக்கு நான் வராமல் வேறொருவர் வந்தாலும் இது இருந்தால் போதும் என்றாள். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் முதல் மாதப் பயிற்சி. அடுத்து, நெஞ்சோடு அணைத்த இரண்டு கிலோ. அதற்கப்புறம் முக்காலி மேல் வைத்த எடையை எடுத்து நிற்பது. இன்று அதே முக்காலியிலிருந்து 24 கிலோ எடுக்கிறேன்; அங்கே வந்து சேர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இடையில் காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தபோது, நான் பழைய எடையையே கேட்டேன். அவள் பாதியாகக் குறைத்துத்தான் கொடுத்தாள். எனக்குக் கோபமே வந்தது. இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டோம். நோட்டில் எழுதியதைப் பார்த்தால் எட்டு இடங்களில் எடை இறங்கியிருக்கிறது.

2018இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை அவள்தான் எனக்குச் சொன்னாள். மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வாரம் இரு முறை அரை மணி நேரமாக எட்டு மாதம் கனமான எடை தூக்கவைத்ததில், முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. அதைக் கேட்டதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்களுக்கு ஒவ்வொரு நாளும் நேர் மேற்பார்வை இருந்தது, முதல் மாதம் இலேசான எடையில் பழகிய பிறகே கனத்துக்குப் போனார்கள், கைபேசி வகுப்பில் அதை நான் செய்யவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கனமான நாள் அவள் நேரில் வரும் சனிக்கிழமைதான்.

ஒன்று கவனித்திருக்கிறேன். மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் மறுநாள் தொடை வலிப்பது இறங்கியதால்தான். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும்போது வலி கூடுதலாக வரும் என்று அவள் விளக்கினாள். ஆகவே பகோடா பாயிண்ட் பக்கம் நீண்ட நடை போன மறுநாள் எனக்குக் கால் பயிற்சி கிடையாது. நீங்களும் விடுமுறையில் மலைக்கு வந்து சுற்றினால் அதையும் உங்கள் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். தினம் மூட்டை சுமக்கும் அவர்களுக்கு, ஒரு கிழவி காசு கொடுத்து எடை தூக்குவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களில் நாற்பது வயதுக்காரிகளுக்கே இடுப்பு போய்விட்டிருக்கிறது. இன்று முதுகு சரியில்லை, பாதி மூட்டை போதும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பதில் 3: அம்மாபேட்டை மாஸ்டர்

அண்ணா, வணக்கம். பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மேலே எழுதிய இருவரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

உங்கள் பயிற்சியாளர் செய்ததை நியாயப்படுத்தவில்லை. தொடக்கத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். பல ஜிம்களில் பயிற்சியாளருக்கு நிலையான சம்பளம் குறைவு. எத்தனை பேரைத் தனிப் பயிற்சிக்குச் சேர்க்கிறார் என்பதில்தான் வருமானம். சேர்ந்தவர் பத்து நாளில் ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் எடையை ஏற்றுவார்கள். வியர்த்து, வலித்து, நடக்க முடியாமல் போனால்தான் காசுக்கு வேலை நடந்தது என்று நினைக்கும் வாடிக்கையாளர்களும் இதற்குக் காரணம். போதாக்குறைக்கு, நோயைச் சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்று மறைக்கிறார்கள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததை நான்காம் மாதம் பேச்சுவாக்கில் சொன்னவர் ஒருவர் என்னிடம் இருந்தார். அன்றிலிருந்து, மாத்திரைச் சீட்டின் நகலைப் பார்க்காமல் யாருக்கும் நான் வகுப்பைத் தொடங்குவதில்லை.

எடையைப் படிப்படியாக ஏற்றும் முறை மருத்துவத்துக்குள் எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் வீட்டாரின் பயம் கொஞ்சம் குறையலாம். இரண்டாம் உலகப் போரின்போது தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், கால் காயம்பட்டுச் சிகாகோ மருத்துவமனையில் கிடந்த வீரர்களுக்கு அதைக் கொடுத்தார். ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டறிவது. பிற்பாடு வகுத்துக்கொண்ட முறைப்படி, முதல் செட்டுக்கு (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கு) அதில் பாதி, இரண்டாவதற்கு முக்கால், மூன்றாவதற்குத்தான் முழுது. 1990இல், 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, தொடையின் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியதாக அமெரிக்காவில் பதிவு செய்தார்கள். 52 வயது ஒரு வயதே அல்ல.

எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது? குறித்த எண்ணிக்கையைவிட ஓரிரு முறை கூடுதலாக, இரண்டு வகுப்புகளில் தொடர்ந்து, ஒழுங்கு கெடாமல் செய்ய முடிந்தால் 2 முதல் 10 விழுக்காடு வரை கூட்டலாம். நம் ஜிம்களில் இதற்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, யாரும் சொல்லமாட்டார்கள். டம்பெல் அடுக்கில் 5 கிலோவுக்கு அடுத்தது 7.5 கிலோதான் இருக்கும். பார்க்க இரண்டரை கிலோதான். கணக்குப் போட்டால் 50 விழுக்காடு ஏற்றம். தோள்பட்டை பிசகுவது பெரும்பாலும் இந்தத் தாவலில்தான். நான் 5 கிலோவிலேயே 15 முறை வரை கொண்டுபோய், பிறகு இறக்கும் வேகத்தை நான்கு எண்ணிக்கைக்கு மெதுவாக்கி, அதற்கப்புறம்தான் அடுத்ததைத் தொடவிடுவேன். கம்பியில் மாட்டும் 1.25 கிலோ எடை வில்லை இருக்கிறதா என்று ஜிம்மில் கேட்டுப் பாருங்கள். தேடி எடுத்துத் தந்தால், அங்கே படிப்படியாக ஏற்றுகிறவர்கள் பயிற்சி செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கம்பியை மறுபடி தொடலாமா என்று கேட்டீர்கள். தொட வேண்டும் என்பது என் கருத்து. தூக்காமலே இருந்தால் அடுத்த முறை சிலிண்டரை நகர்த்தும்போது அதே இடம் பிடிக்கும். ஆனால் தரையிலிருந்து வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு மேடை வைத்து, 10 கிலோவில் தொடங்கி, மேடையை மாதாமாதம் தாழ்த்திக்கொண்டே வரலாம். எடையும் உயரமும் ஒரே வாரத்தில் மாறக் கூடாது.

ஆளைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், மறுத்தால் வேறிடம். அந்த வகுப்பில், வலிக்காவிட்டாலும், ‘மாஸ்டர், இதில் முழங்கால் கொஞ்சம் உறுத்துகிறது’ என்று சொல்லுங்கள். உடனே நிறுத்தி, எங்கே என்று தொட்டுக் காட்டச் சொல்லி, வேறு பயிற்சியோ வேறு கோணமோ கொடுத்தால் அவர் தேறிவிட்டார். ‘பழகினால் சரியாகிவிடும்’ என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நடிப்புதான், பரவாயில்லை. அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே எண்ணுகிறாரா, உங்கள் முதுகைப் பார்க்கப் பக்கவாட்டில் வந்து நிற்கிறாரா என்பதையும் கவனியுங்கள். டெட்லிஃப்டில் நேர் எதிரே நிற்பவருக்கு முதுகு வளைவது தெரியாது.

சான்றிதழ் கேட்பதில் தவறில்லை. ஏ.சி.இ., ஏ.சி.எஸ்.எம்., என்.எஸ்.சி.ஏ. என்ற அமெரிக்க அமைப்புகள் தருபவை உலகளவில் மதிக்கப்படுபவை. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யக் கற்றிருக்கிறாரா என்பதை அதற்கும் முன்னால் கேளுங்கள். மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் கம்பி தூக்கும்போது அவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் சட்டத்தில், நீங்கள் முழுதும் உட்காரும் உயரத்துக்குச் சற்றுக் கீழே தடுப்புக் கம்பி மாட்டப்பட்டிருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை போட்ட ஜிம்மில் மதியம் எடை தூக்காதீர்கள். சிறுநீர் பிரியவைக்கும் வகை அழுத்த மாத்திரையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

பவுடர் டப்பாவை விற்கத் தொடங்கினால் அன்றோடு போதும்.

பதில் 4: அஸ்தம்பட்டி உணவியல் மாணவி

மாஸ்டர் கடைசியில் சொன்னதைத் தொட்டுச் சில வரிகள் மட்டும். 2024இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், தசையைப் பெருக்கப் புரதப் பவுடரை நாட வேண்டாம் என்றே சொல்கிறது. இந்தியர்களுக்கு உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது பரிந்துரை. உங்கள் 74 கிலோவுக்கு ஏறக்குறைய 61 கிராம். எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு 1.2 கிராம் அளவில் வைப்பதுண்டு, அப்படியானால் 89 கிராம். ஆனால் சர்க்கரை ஆறு ஆண்டாக இருப்பதால், முதலில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்து, சிறுநீரகம் நன்றாக இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகே கூட்டுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம், வெந்த கோழிக்கறி 100 கிராமில் 27 கிராமுக்குக் குறையாது, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏழெட்டுக் கிராம் கிடைக்கும். இட்லியின் எண்ணிக்கையைக் குறைத்து முட்டையும் சுண்டலும் சேர்த்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். ஜிம் முடிந்து வரும் வழியில் தட்டுவடை செட் சாப்பிடுவது எந்தக் கணக்கிலும் வராது. எனக்கும் அது பிடிக்கும் என்பதால்தான் சொல்கிறேன்.

அழகாபுரம் இயன்முறை மருத்துவர், மீண்டும்

மாஸ்டர் சொன்ன மேடை முறையை முழுதும் ஏற்கிறேன்; தரையிலிருந்து எடுப்பதற்கு ஆறு வாரமாவது கழியட்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். வலியை நடித்துச் சோதிப்பது எனக்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. நடித்ததால், பின்னால் உண்மையில் வலிக்கும்போது சொல்லக் கூச்சம் வந்துவிடக் கூடாது. ‘வலித்தால் இதற்கு மாற்றாக என்ன தருவீர்கள்’ என்று நேராகவே கேட்டாலும் ஆள் எப்படி என்பது தெரிந்துவிடும். இடுப்புக்குப் பெல்ட் வாங்க வேண்டாம். இப்போதைக்கு அது காசுக்குக் கேடு.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர், ஐந்து வாரம் கழித்து

அனைவருக்கும் நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டேன். என் அழுத்த மாத்திரை ‘லால்’ வகை அல்ல. கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதித்தாகிவிட்டது, இரண்டிலும் குறை இல்லை. பயிற்சி நாட்களில் கிளிமிபிரைடு அளவைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்.

மூன்று பயிற்சியாளர்களைப் பார்த்தேன். முதலாமவர் ஒரு வகுப்பு பார்க்கலாமா என்றதுமே சலுகை விலை இன்றோடு முடிகிறது என்றார். இரண்டாமவர் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தார், ஆனால் ஒரே நேரத்தில் நான்கு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாமவரிடம், நடிக்க மனம் வராமல், இயன்முறை மருத்துவர் சொன்னபடி நேராகவே கேட்டேன். பதிலுக்கு அவர், போன முறை எந்த இடத்தில், எத்தனையாவது முறையில் பிடித்தது என்று கேட்டார். இதற்கு முன் இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. ஆறாவது என்றேன். ‘அப்படியானால் நாம் ஐந்துக்கு மேல் போக வேண்டாம், செட்டைக் கூட்டிக்கொள்வோம்’ என்று எழுதிக்கொண்டார்.

இதுவரை பத்து வகுப்புகள் ஆகியிருக்கின்றன. கழி இப்போது மூன்று இடத்திலும் ஒட்டுகிறது. முழங்கால் உயர மேடையிலிருந்து 16 கிலோ, ஐந்து முறை, நான்கு செட். முதல் வாரம் பயிற்சி முடிந்து பார்த்தபோது சர்க்கரை 84 இருந்தது. இரண்டு இட்லியைப் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே சாப்பிடத் தொடங்கிய பிறகு 110க்குக் கீழே இறங்கவில்லை. ஏற்காட்டு அம்மா சொன்ன நோட்டையும் வாங்கிவிட்டேன். இரண்டாம் பக்கத்திலேயே எடை ஒரு முறை இறங்கியிருக்கிறது: அன்று பட்டறையில் ஆர்டர் நெருக்கடி, இரவு மூன்று மணி வரை தூங்கவில்லை என்று சொன்னேன், 14 கிலோவை எடுத்துவிட்டு 10ஐ வைத்தார்.